மணி கோத்த கைகள்

வெனிஸ் நகரின் கண்ணாடிக் கைத்தொழிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1291ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். தீவிபத்துக்கு அஞ்சிய வெனிஸ் அரசு, கண்ணாடி உலைகளை முரானோத் தீவுக்கு அகற்றிய ஆண்டு அது. உலைத் தலைவர்களின் பெயரும் குலப்பெருமையும் ஏடுகளில் நிலைபெற்றுள்ளன. ஆயின், அந்நகரம் உலகெங்கும் விற்ற சிறு கண்ணாடி மணிகளை நூலிற் கோத்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அவ்வேடுகள் ஒதுக்கிய இடம் மிகச் சிறிது.

மணி எவ்வாறு பிறந்தது? துளையிட்ட கண்ணாடிக் குழம்பை இருவர் பற்றி எதிரெதிர்த் திசையில் ஓடி நீண்ட குழலாக இழுத்தனர். குழல் ஆறியபின் துண்டுகளாக வெட்டப்பட்டது. துளை அடையாதிருக்கக் கரித்தூளும் சுண்ணமும் சேர்த்துச் சூட்டில் உருட்ட, கூரிய விளிம்புகள் மழுங்கின. சல்லடைகள் அளவு பிரித்தன. ஆலையின் வேலை இவ்வளவே. கடுகு போலக் குவிந்து கிடக்கும் மணியை வைத்து ஆரம் தொடுப்பதும் ஆடையிற் பூவேலை செய்வதும் எளிதன்று. நிறமும் அளவும் ஒத்த மணிகள் சரமாகக் கோக்கப்பட்ட பின்னரே அவை நகை செய்வோரின் கைக்குச் சென்றன.

அச்சரங்களைக் கோத்தவர்களே 'இம்பிராரெசே' எனப்பட்ட பெண்கள். கஸ்தெல்லோ, கன்னரேஜியோ ஆகிய பகுதிகளின் ஏழைத் தெருக்களில், வீட்டு வாயில்களில் அவர்கள் அமர்ந்திருந்தனர். மடியில் மணி நிறைந்த மரத்தட்டு. கையில் விசிறிபோல் விரித்த நீண்ட ஊசிகள். ஊசிகளை மணிக்குவியலில் மீண்டும் மீண்டும் அமிழ்த்தி நிரப்பினர். தாயிடமிருந்து மகள் தொழில் கற்றாள். கோத்த அளவுக்கே கூலி. அதிலும் வேலை பகிர்ந்தளித்த 'மிஸ்த்ரா' என்னும் இடைத்தரகப் பெண்ணுக்கு ஒரு பங்கு.

இம்மணிகளை ஐரோப்பிய வணிகர் ஆபிரிக்கக் கரைகளிற் பணமாக வழங்கினர். யானைத் தந்தமும், அடிமை வணிகம் நடந்த காலத்தில் மனிதரும், அவற்றுக்கு மாற்றாகப் பெறப்பட்டனர். ஒரு முனையில் மலிவான உழைப்பு, மறுமுனையில் விலைகூறப்பட்ட உயிர், இடையிலே இலாபம்.

1880ஆம் ஆண்டளவில் ஓவியர் சார்ஜென்ற் இப்பெண்களைத் தீட்டினார். அருங்காட்சியகங்களில் அவ்வோவியங்களை இன்றும் காணலாம். ஆனால், அவர்கள் தாமே தம்மைப் பற்றிப் பேசியது வேறிடத்தில். 1898இல் மணி உற்பத்தி நிலையங்கள் பல ஒரே பெருங் கம்பெனியாக இணைந்தன. முதலாளிகள் ஒன்றுபட்ட ஆறாம் ஆண்டில், அதாவது 1904இல், மணிகோக்கும் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆலைக்கூரையின் கீழன்றி வீடுதோறும் சிதறியிருந்து உழைப்போர் ஒன்றுசேர இயலாது என்ற கூற்றை அவர்களின் செயல் பொய்ப்பித்தது. தம் ஊசி நின்றால் சரக்கு நகராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இத்தாலிக்கும் பிரான்சுக்கும் உரிய கண்ணாடி மணிக் கலையை 2020இல் யுனெஸ்கோ மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது, மகிழத்தக்கதே. அம்மரபை மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் 1291உடன் 1904ஐயும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.