நாலு ட்ராக், ஒரு கேசட்: 'நெப்ராஸ்கா' உருவான கதை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ ஒரு வேலை வச்சிருந்தேன். எங்க அப்பா நல்லா பாடுவார். மேடையில இல்ல, மொட்டை மாடியில. அவர் குரலை ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணி வைக்கணும்னு மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன் எல்லாம் தூக்கிட்டுப் போனேன்.

லெவல் பார்க்கறதுக்காக அவரைக் கொஞ்சம் பாடச் சொன்னேன். பின்னாடி 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். கேபிளை மாத்தினேன், போகல. லேப்டாப் சார்ஜரைக் கழட்டினதும் நின்னுடுச்சு; எர்த் பிரச்சினை. அடுத்தது லேட்டன்சி. அவர் பாடறது ஹெட்போன்ல அவருக்கே தாமதமா கேட்டுச்சு. பஃபர் சைஸைக் குறைச்சா சத்தம் விட்டு விட்டு வருது. கடைசியில டைரக்ட் மானிட்டர் பட்டனை அமுக்கினதும் சரியாச்சு. அதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிடுச்சு. அப்பா, "நாளைக்குப் பாத்துக்கலாம்டா"ன்னு எழுந்து போயிட்டார். மறுநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. கையில மிஞ்சினது அந்த ரெண்டு நிமிஷ டெஸ்ட் ரெக்கார்டிங் மட்டும்தான், இரைச்சலோட.

அப்போ ஞாபகம் வந்த கதைதான் இன்னைக்கு எபிசோடு.

1963ல பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. அதுக்குள்ள இருக்கற நாடாவில் மொத்தம் நாலு தடங்கள்: ஏ பக்கத்துக்கு ரெண்டு, பி பக்கத்துக்கு ரெண்டு. 1979ல ஜப்பானின் டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. அதில் செய்த தந்திரம் எளிமையானது. 'பக்கம்' என்பதையே மறந்துட்டு, நாலு தடத்தையும் ஒரே திசையில் பயன்படுத்தினாங்க. ஒலி தெளிவா இருக்கணும்னு நாடாவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினாங்க. அதனால 60 நிமிஷ கேசட்டில் 15 நிமிஷம்தான் பதிவாகும். ஆனா மிக்ஸரும் ரெக்கார்டரும் ஒரே பெட்டியில், மேசை மேல வைக்கிற அளவில் வந்துடுச்சு. அதுவரை பல ட்ராக்கில் பதிவு பண்ண ஸ்டுடியோ வாடகை கட்டணும், இல்லன்னா பெரிய ரீல் மெஷின் வாங்கணும்.

1982 ஜனவரி. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் ஒரு வாடகை வீடு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அங்கே இந்தப் பெட்டியையும் ரெண்டு ஷூர் எஸ்எம்57 மைக்கையும் வச்சுக்கிட்டுப் பாட உட்கார்ந்தார். கருவிகளை அமைச்சுக் கொடுத்தது அவருடைய கிட்டார் டெக்னீஷியன். கிட்டாரும் குரலும் முதல்ல ரெண்டு ட்ராக். மிச்சம் ரெண்டு ட்ராக்கில் ஹார்மோனிகா, இன்னொரு குரல் மாதிரி ஏதாவது. பிறகு எக்கோபிளெக்ஸ் கருவி வழியா எதிரொலி சேர்த்து, ஒரு பானசோனிக் பூம்பாக்ஸில் மிக்ஸ் செய்தார்.

இது ஆல்பம் இல்ல, வெறும் டெமோ. பேண்டுக்குப் போட்டுக் காட்டி, அப்புறம் ஸ்டுடியோவில் 'ஒழுங்கா' பதிவு செய்யணும் என்பதுதான் திட்டம். அந்த கேசட்டை உறைகூட இல்லாம பாக்கெட்டில் போட்டுக்கிட்டுத் திரிஞ்சார்.

ஸ்டுடியோவில் பேண்டோட முயற்சி பண்ணினாங்க. ஒரு பாட்டு பிரமாதமா வந்துச்சு. அதுதான் 1984ல 'பார்ன் இன் தி யுஎஸ்ஏ' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு. ஆனா மத்த பல பாட்டுகளில், கேசட்டில் இருந்த தனிமை காணாமப் போச்சு. கடைசியில் அந்த கேசட்டையே வெளியிடறதுன்னு முடிவானது.

அங்கேதான் உண்மையான ட்ரபிள்ஷூட்டிங் ஆரம்பம். கேசட்டிலிருந்து இசைத்தட்டுக்கான மாஸ்டரை வெட்டறது பெரிய தலைவலி ஆச்சு. பல இடங்களில் முயன்று, லெவலைக் குறைச்சு வெட்டித்தான் சமாளிச்சாங்க. 1982 செப்டம்பர் 30 அன்று, பத்துப் பாட்டுகளோட 'நெப்ராஸ்கா' வெளிவந்தது.

"கருவி முக்கியமில்ல"ன்னு இதுக்கு அர்த்தம் எடுத்துக்காதீங்க. மைக்கும் பெட்டியும் தயாரா இருந்ததாலதான் அவரால் பாட்டை மட்டும் கவனிக்க முடிஞ்சுது. நான் பண்ணின தப்பு அதுதான். பாடறவரை உட்கார வச்சுட்டு டீபக் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

அப்பாவோட ரெண்டு நிமிஷத்தைச் சரி பண்ணிப் பார்த்தேன். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால இரைச்சல் 50லயும் அதன் மடங்குகளான 100, 150லயும் வரும். அப்பாவோட கீழ் ஸ்தாயி குரலும் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கு. இரைச்சலை முழுசா வெட்டினா அவர் குரல் மெலிஞ்சு, வேற யாரோ பாடற மாதிரி ஆயிடுது. அதனால கொஞ்சம் இரைச்சலை அப்படியே விட்டுட்டேன்.

அடுத்த தடவை முந்தின நாள் ராத்திரியே எல்லாத்தையும் செட் பண்ணிடுவேன். லேப்டாப் பேட்டரியில ஓடும். லெவலை நான் பாடிப் பார்த்து, கொஞ்சம் குறைவாவே வச்சுடுவேன். கிளிப் ஆன குரலை அப்புறம் எந்த மென்பொருளாலும் முழுசா மீட்க முடியாது. அப்பா வந்து உட்கார்றதுக்கு முன்னாடியே சிவப்பு பட்டன் எரிஞ்சுக்கிட்டு இருக்கும்.