மிளகாயும் இரைப்பையும்

சுள்ளிக்கல்லை அடுத்த மட்டாஞ்சேரியில் நடமாடும் நம்மவர்க்குச் சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைகள் புதியன அல்ல. மிளகை நாடிக் கொச்சிக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியரே, பதினாறாம் நூற்றாண்டில், அமெரிக்கக் கண்டத்து மிளகாயை இந்நாட்டில் புகுத்தினர். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்றே நாம் அதனை அழைத்தோம்.

வயிற்றில் புண் என்றதும் பழி மிளகாய்மேல் விழுவது வழக்கம். வேற்றூரில் வாழும் தமிழன், ஊர்க்குழம்பின் காரத்தையும் இழந்து பத்தியம் காப்பது எளிதன்று. அப்பழி எத்துணை நியாயமானது?

1876இல் திரெஷ் என்னும் ஆங்கிலேயர் மிளகாயின் உறைப்புப் பொருளுக்குக் காப்சைசின் என்று பெயரிட்டார். ஹங்கேரி நாட்டு யாஞ்சோ, அதனை மிகுதியாகச் செலுத்திய எலிகள் உறைப்பையே உணராது போவதைப் பின்னர்க் கண்டார். நரம்பு மரத்துவிட்டது! இத்தகைய எலிகளின் இரைப்பையை அந்நாட்டு சோல்சானி என்பவரும் அவர் துணைவரும் 1981இல் ஆராய்ந்தபோது வியப்பு காத்திருந்தது. உணர்ச்சி நரம்பு மரத்த எலிகளுக்கே புண் எளிதில் மிகுந்தது. வலியை அறிவிப்பது மட்டுமே தொழில் என்று கருதப்பட்ட நரம்பு, காவலும் புரிந்துவந்தது.

அக்காவல் நடைபெறும் விதம் இது: அமிலம் உட்சவ்வினுள் கசிந்தால் நரம்பு நுனிகள் அதனை உணர்ந்து ஒருவகைப் புரதத் துணுக்கை வெளியிடுகின்றன. குருதிக்குழாய்கள் விரிகின்றன. பாய்ந்து வரும் குருதி அமிலத்தின் வேகத்தைத் தணித்து அகற்றுகிறது. சிறிதளவு காப்சைசினும் இந்நரம்பை எழுப்பவல்லது. அளவு மீறினால் அதுவே நரம்பை மரக்கச் செய்யும்.

1984இல் புதுதில்லியில் முன்சிறுகுடற் புண்ணுற்றோரில் ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் மிளகாய்ப்பொடியும் மருந்துடன் தரப்பட்டது. அதனால் புண் ஆறுவது தடைப்படவில்லை. புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமாவது ஒரு கிருமியே என்பதை 1982 முதல் ஆஸ்திரேலிய மருத்துவர் மார்ஷலும் வாரனும் நிறுவிவந்தனர். வலிநீக்கி மாத்திரைகளும் மற்றொரு காரணம். எனினும் புண்ணுள்ள வயிற்றில் காரம் எரிச்சல் தரலாம். அவ்வேளை மருத்துவர் சொற்படி நடப்பதே தகும்.

1997இல் அமெரிக்க விஞ்ஞானி ஜூலியஸ் குழுவினர் காப்சைசினை உணரும் ஏற்பியையே கண்டறிந்தனர். அவருக்கு 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது. சூடும் அமிலமும் அதே ஏற்பியைத் தூண்டுகின்றன. மிளகின் பைப்பரினும் அவ்வாறே! காய்க்கு மிளகின் பெயரை வைத்த நம் முன்னோரின் நாக்கு, ஆய்வுக்கூடத்துக்கு நெடுங்காலம் முன்பே உறவை அறிந்திருந்தது போலும்.