பால் காக்ஸ்: ஒரு பிடிவாதக்காரரின் கதை

ஆஸ்திரேலிய சினிமா என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது 'மேட் மேக்ஸ்' (1979), இல்லையென்றால் 'க்ராக்கடைல் டண்டீ' (1986). அதே காலத்தில் மெல்போர்னில் ஒருவர் சத்தமே இல்லாமல் வேறு மாதிரிப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் பால் காக்ஸ்.

1940-ல் நெதர்லாந்தில் பிறந்தவர். 1960-களில் ஆஸ்திரேலியாவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். முதலில் புகைப்படக்காரர், பிறகு மெல்போர்னில் ஒரு கல்லூரியில் ஆசிரியர். சினிமா அதற்கப்புறம்தான்.

பெயர் வாங்கித் தந்தது 'லோன்லி ஹார்ட்ஸ்' (1982). ஐம்பது வயது பியானோ சுருதி சேர்ப்பவருக்கும், கூச்ச சுபாவமுள்ள ஒரு பெண்ணுக்கும் வரும் காதல். அவ்வளவுதான் கதை! அந்த வருடத்தின் சிறந்த படத்துக்கான ஆஸ்திரேலிய திரைப்படக் கழக விருது இதற்குத்தான். அடுத்து 'மேன் ஆஃப் ஃப்ளவர்ஸ்' (1983), 'மை ஃபர்ஸ்ட் வைஃப்' (1984), வான்கோவின் கடிதங்களை வைத்தே எடுத்த 'வின்சென்ட்' (1987) என்று வரிசையாகப் படங்கள்.

என்னை உலுக்கியது 'எ உமன்ஸ் டேல்' (1991). புற்றுநோயால் சாகப்போகும் மூதாட்டியாக நடித்த ஷீலா ஃப்ளோரன்ஸுக்கு நிஜத்திலும் புற்றுநோய். அந்த வேடத்துக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்த சில நாட்களில் இறந்துபோனார்.

'மொலகாய்' (1999) பெரிய தயாரிப்பு. தொழுநோயாளிகளுக்காக வாழ்ந்த பாதிரியார் டேமியனின் கதை. தயாரிப்பாளர்களோடு முட்டிக்கொண்டு, இயக்குநரையே நீக்கி மறுபடி கூப்பிடும் அளவுக்குப் போனது. அடுத்து என்ன செய்தார் தெரியுமா? மீண்டும் சின்னப் படம். இளமையில் பிரிந்த காதலர்கள் முதுமையில் சந்திக்கும் 'இன்னசென்ஸ்' (2000).

கூட்டம் இருக்கும் இடத்தில் கடை போடு என்பதுதான் வணிகவியல் படிக்கும் எங்களுக்குச் சொல்லித்தருவது. இவரோ முதியவர்கள், தனியானவர்கள், நோயாளிகள் என்று யாரும் எட்டிப்பார்க்காத பக்கமே கடை போட்டார். கணக்குப்படி இது நஷ்ட வியாபாரம். ஆனாலும் முப்பது வருடங்களுக்கு மேல் கடையை மூடவில்லை.

2009-ல் அவருக்கே கல்லீரல் புற்றுநோய். மாற்று அறுவை சிகிச்சையில் பிழைத்தார். அந்த அனுபவத்தை 'ஃபோர்ஸ் ஆஃப் டெஸ்டினி' (2015) ஆக்கினார். கல்லீரலுக்காகக் காத்திருக்கும் சிற்பியாக நடித்தவர், டேமியனாக நடித்த அதே டேவிட் வென்ஹாம். அவர் காதலியாக நம்ம ஊர் ஷஹானா கோஸ்வாமி. அதுவே கடைசிப் படம். 2016 ஜூனில் காக்ஸ் காலமானார்.

ஷீலாவின் முகத்தில் அன்று எதைப் படம்பிடித்தாரோ, அதையே பிறகு தன் உடம்பில் அனுபவித்து, அதையும் படமாக்கிவிட்டுப் போனார். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 'இன்னசென்ஸ்' பாருங்கள். முடிந்தால் அப்பா அம்மாவோடு.