அடுத்தாள்

தேவகோட்டை, காரைக்குடி நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடை நடத்திய காலத்துச் சொல் இது. கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு உதவியாக நிற்பவர் அடுத்தாள். கணக்குப் பழக வந்த சிறுவன் பெட்டியடிப் பையன். 'அடுத்த' என்றால் பக்கத்தில் இருப்பதும் ஆகும், இனி வரப்போவதும் ஆகும். இந்த இரட்டைப் பொருளால்தான், அமெரிக்காவின் என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டை எதிர்பார்த்திருக்கும் கல்லூரிக் கூடைப்பந்து வீரரை 'அடுத்தாள்' எனலாம் என்கிறேன். பத்திரிகைகள் எழுதும் 'வாய்ப்புள்ள வீரர்' சப்பென்றிருக்கிறது. குறிப்பாக, எறியவும் மறிக்கவும் தெரிய வேண்டிய 'விங்' ஆட்டக்காரரை இன்றைய புள்ளிகளை வைத்து மட்டும் எடைபோட முடியாது. என்.பி.ஏ. வீரர் காவாய் லெனர்டுக்குக் கல்லூரியில் தூர எறிதல் சுமார்தான். பெரிய கைகளும் தடுப்பாட்டமும் இருந்தன. 2011-இல் 15ஆவதாக எடுக்கப்பட்ட அவர், 2014, 2019 இறுதிப் போட்டிகளில் சிறந்த வீரரானார்.

அடுத்தாள் ஒரு பதவி, எதிர்பார்ப்பு அல்ல என்று மறுக்கலாம். எதிர்பார்ப்புக்கு உரியவன் பெட்டியடிப் பையன்தானே? ஆனால் கல்லூரி வீரர் பழகுநர் நிலையைத் தாண்டியவர். மேலே ஒரு படிதான் பாக்கி. நகரத்தார் உறவும் நம்பிக்கையும் பார்த்து ஆளெடுத்தார்கள், அணிகளோ முன்பின் அறியாதவரை எடுக்கின்றன என்பது வலுவான மறுப்பு. அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். சொல் நிலையைக் குறிக்கிறது, தேர்வு முறையை அல்ல. டிராஃப்டில் எடுக்கப்படுவோர் எல்லாரும் மேலாள் ஆவதுமில்லை. 2015-இல் 52ஆவதாக எடுக்கப்பட்ட பஞ்சாபின் சத்னம் சிங், ஏழடிக்கு மேல் உயரமிருந்தும், என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை.