படவரைஞரின் தாள்

இலங்கையின் நவீன ஓவியம் எங்கே பிறந்தது என்று கேட்டால், எல்லோரும் கைகாட்டுவது கொழும்புக் கறுவாத்தோட்டத்தை. 1943 ஆகஸ்ட் 29ஆம் திகதி, கில்ட்ஃபோர்ட் கிறெசன்ற்றில் இருந்த லயனல் வென்ட்டின் வீட்டில் சில ஓவியர்கள் கூடி '43 குழுவைத் தொடங்கினார்கள். இலங்கைக் கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சிகளில் ஐரோப்பியப் பள்ளிப் பாணியில் வரைந்த உருவப்படங்களும் இயற்கைக் காட்சிகளுமே செல்லுபடியாகிய காலம் அது. அந்தச் சங்கத்தோடு பொருந்தாதவர்களே இங்கே ஒன்றுசேர்ந்தார்கள். வென்ட் லண்டனில் சட்டமும் பியானோவும் பயின்று வந்தவர், புகைப்படக் கலைஞர். ஜஸ்டின் தெரணியகல கேம்பிரிட்ஜிலும், பிறகு லண்டன், பாரிஸ் ஓவியப் பள்ளிகளிலும் படித்தவர். ஹரி பீரிஸ் லண்டன், பாரிஸ், சாந்திநிகேதன் எனப் பல இடங்களைக் கண்டவர். இந்தப் பட்டியலில் ஜோர்ஜ் கிளாசன் என்ற பெயரும் இருக்கிறது. கொழும்பில் 1909இல் பிறந்த பறங்கியர். கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவில் படவரைஞராக உத்தியோகம் பார்த்தவர். எந்த ஓவியப் பள்ளியிலும் படிக்காமல், முப்பது வயதை நெருங்கும்போது தானாகவே தூரிகை எடுத்தவர். இலங்கையின் முதல் அரூப ஓவியர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் இவர்தான். குழுவில் மிகக் குறைவாகப் பேசப்படுபவர்களில் ஒருவரும் இவர்தான். இந்த இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் என்பது என் எண்ணம். நம் ஓவிய வரலாறு வரவேற்பறைச் சுவரில் தொங்கிய கன்வஸைப் பார்த்து எழுதப்பட்டது. கிளாசனின் அரூபமோ கந்தோர் மேசையில், தாளின்மேல் வேர்விட்டது.

இதை விளங்கிக்கொள்ளக் கொழும்பின் வடக்கையும் தெற்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். பத்து ஆண்டுகளில் அந்தக் கற்சுவர் முடிந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் மற்றைய அலைதாங்கிகளும் எழுந்தன. கப்பல் பெருகப் பெருக, அதுவரை வசதியானவர்கள் விரும்பி வாழ்ந்த முகத்துவாரமும் கொட்டாஞ்சேனையும் கிட்டங்கிகளும் கூலித் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கிய பகுதிகளாக மாறின. பணம் தெற்கே நகர்ந்தது. கறுவாத்தோட்டத்தில் மரநிழல் வீதிகளும் மாளிகைகளும் எழுந்தன. கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் மீளக் கட்டுவித்தது இந்தக் காலத்தில்தான். கோயிலும் தேவாலயமும் வடக்கிலேயே நின்றன, அவற்றைக் கட்டியவர்களின் வர்க்கம் இடம் மாறிவிட்டது. ஆகவே ஓவியம் பற்றிப் பேசிய கொழும்பும், துறைமுக வரைபடங்களைத் தயாரித்த கொழும்பும் ஒன்றுக்கொன்று சில மைல் தூரத்தில், இரண்டு உலகங்களாக இருந்தன. இரண்டிலும் கால் வைத்திருந்தவர் கிளாசன்.

படவரைஞரின் வேலை என்ன? ஒரு அலைதாங்கி என்பது கரையில் நிற்பவருக்குக் கல்லும் நுரையும் உப்புக்காற்றும். படவரைஞரின் தாளில் அது சமாந்தரமாக ஓடும் இரண்டு கோடுகள். கடலின் ஆழம் எண்களும், ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் வளைகோடுகளும். பாரந்தூக்கி மேலிருந்து பார்த்த ஒரு வட்டம், பக்கத்திலிருந்து பார்த்த ஒரு முக்கோணம். கோடு ஒரு பொருளைப் போல் இருக்கத் தேவையில்லை, ஆனாலும் அந்தப் பொருளின் உண்மையைச் சொல்லலாம் என்ற அறிவு இந்த வேலையில் நாளாந்தம் கைக்கு வந்துவிடுகிறது. ஓவியப் பள்ளியில் படித்தவர் பெற்ற பயிற்சி இதற்கு நேர்எதிரானது. அங்கே சுண்ணச்சிலையைப் பார்த்து வரைவதும், பிறகு மனித உடலைப் பார்த்து வரைவதும்தான் முதற்பாடம். அந்தக் கை உருவத்தை விட்டு விலக வேண்டுமானால் கற்றதை மறக்க வேண்டும். கிளாசனுக்கு மறக்க வேண்டிய அந்தப் பாடமே இருக்கவில்லை. நாற்பதுகளில் அவரும் மனித உருவங்களை வரைந்தார் என்பது உண்மை. ஆனால் உருவத்தைக் கைவிட்டபோது அவர் புதிய ஊருக்குப் போகவில்லை. உத்தியோக நேரத்தில் ஏற்கெனவே வாழ்ந்த ஊருக்கே திரும்பினார் என்று நான் வாசிக்கிறேன்.

இங்கேதான் தாள் சாட்சியாக வருகிறது. எண்ணெய் வண்ணத்தைத் தாளில் தீட்டுவது முறைப்படி தவறு என்று ஓவியப் பள்ளிகள் சொல்லிக்கொடுக்கும். அதற்குத் தக்க காரணம் உண்டு. வண்ணத்தைப் பிணைக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு உறையும்போது, தாளின் நாரையும் சேர்த்து மஞ்சளாக்கி, காலப்போக்கில் நொறுங்க வைக்கும். முன்கூட்டியே வச்சிரமோ வேறு பசையோ பூசித் தாளின் துளைகளை அடைக்காவிட்டால், எண்ணெய் வண்ணத்தை விட்டுக் கசிந்து, தூரிகைத் தடத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் கட்டும். கொழும்பின் ஈரக்காற்றில் பூஞ்சணமும் வெள்ளிப்பூச்சியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இத்தனையும் தெரிந்தும் தாளில் எண்ணெய் வண்ணம் தீட்டுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, செலவு: நல்ல கன்வஸும் சட்டமும் கப்பலில் வந்த சாமான், தாள் கைக்கெட்டிய பொருள். மற்றது, தாளின் குணம். பசை பூசிய தாள் வழவழப்பானது, கன்வஸின் நெசவு அதில் இல்லை. தூரிகை தடையில்லாமல் ஓடும். கத்தி நுனியால் சுரண்டினால் கீழே வெள்ளை தெரியும். கோட்டை நம்பி வாழும் கைக்கு இது கன்வஸைவிட நெருக்கமான தளம். கிளாசன் கன்வஸிலும் தீட்டினார்தான். ஆனால் தாளில் எண்ணெய் வண்ணத்தில் அவர் செய்த அரூபங்களை ஒத்திகைகள் என்று ஒதுக்கிவிட்டு, கன்வஸை மட்டும் 'நிறைவான படைப்பு' என்று எடுத்துக்கொள்வது, அவருடைய கை எங்கே பழகியது என்பதையே மறுப்பதாகும்.

இதற்கு உடனடியாக எழும் மறுப்பு பலமானது. கிளாசன் 1947இல் அவுஸ்திரேலியாவுக்குப் போனார், 1949இல் லண்டனில் குடியேறினார். அரூபத்தில் அவர் ஊன்றி நின்றது அங்கேதான். போருக்குப் பிந்திய லண்டனில் அரூப ஓவியம் காற்றோடு கலந்திருந்தது, கண்காட்சிகள் நடந்தன, அதற்காகவே வாதாடிய குழுக்கள் இருந்தன. அப்படியானால் கொழும்புத் துறைமுகத்தை இழுத்து வருவானேன், லண்டன் போதாதா? லண்டனின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் பார்த்தது மட்டுமே காரணம் என்றால், '43 குழுவில் ஐரோப்பாவை அதிகம் பார்த்தவர்கள் அரூபத்துக்கு முதலில் போயிருக்க வேண்டும். தெரணியகல பாரிஸிலேயே நவீன ஓவியத்தை நேரில் கண்டார், அவருடைய தூரிகை உருவங்களைக் குலைத்ததே தவிர உருவத்தை விடவில்லை. ஹரி பீரிஸ் கடைசிவரை முகங்களை வரைந்தார். ஐவன் பீரிஸ் கிளாசனைப் போலவே லண்டனில் வாழ்ந்தவர், அவருடைய கடற்கரைகளில் மனிதர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். ஐரோப்பாவில் படிக்காத ஜோர்ஜ் கீற்றோ, கியூபிசத்தின் கோட்டை எடுத்து அதை நாயகியரையும் கிருஷ்ணனையும் வரைவதற்குப் பயன்படுத்தினார். ஒரே காற்றைச் சுவாசித்தவர்களில் ஒருவர் மட்டும் வேறு திசையில் போனால், வேறுபாட்டைக் காற்றில் தேடிப் பயனில்லை. அவர் கொண்டுவந்ததில்தான் தேட வேண்டும். கிளாசனிடம் இருந்து மற்றவர்களிடம் இல்லாதது படவரைஞர் மேசை.

இந்த வழி அவருக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு நம் பிராந்தியத்திலேயே ஒரு சான்று உண்டு. கராச்சியில் 1937இல் பிறந்து, 1972 முதல் பரோடாவில் கற்பித்து, 1990இல் மறைந்த நஸ்ரீன் முகமதி, கட்டடக் கலைஞரின் கருவிகளைக் கொண்டு தாளில் மையாலும் பென்சிலாலும் கோடுகள் இழுத்தே தன் அரூபத்தைக் கண்டடைந்தார். அவர் உயிரோடு இருந்தபோது அந்தத் தாள்களைப் பெரிதாக எடுத்தவர் சிலரே. 2016இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் தன் புதிய கிளையை அவருடைய கண்காட்சியோடு திறந்தபோது உலகம் இன்னும் பரவலாகத் திரும்பிப் பார்த்தது. தாளை இரண்டாந்தரமாக மதிக்கும் பழக்கம் அரூபத்தின் சொந்த வரலாற்றுக்கே பொருந்தாது. ஹில்மா அஃப் கிளிண்ட் 1907இல் சுவீடனில் தீட்டிய 'பத்துப் பெரியவை' தாளில் செய்த டெம்பரா. காந்தின்ஸ்கியின் முதல் அரூபம் என்று நெடுங்காலம் கொண்டாடப்பட்டதும் தாளில் செய்த ஒரு நீர்வண்ணம்தான்.

இரண்டாவது மறுப்பு: வென்ட்டும் ஹரி பீரிஸும் இல்லாவிட்டால் கிளாசனை யார் அறிந்திருப்பார்? இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். வீடும் பணமும் தொடர்பும் தந்து, முதற் கண்காட்சியை 1943 நவம்பரில் நடத்தி முடித்து, மறு ஆண்டே வென்ட் இறந்துபோனார். குழு 1952இல் லண்டனிலும், மறு ஆண்டு பாரிஸிலும் காட்சி வைக்கும்வரை அதைத் தாங்கிப் பிடித்தவர் ஹரி பீரிஸ். பார்ன்ஸ் பிளேஸில் உள்ள அவருடைய வீடு சப்புமல் அறக்கட்டளையாகி, இன்றும் அந்த ஓவியங்களைக் காத்து நிற்கிறது. இந்த நன்றிக்கடன் பெரியது. ஆனால் ஓவியத்தைக் காட்டிய இடமும் ஓவியம் உருவான இடமும் வேறு. வரவேற்பறையின் நினைவு எதைப் பிடித்துவைக்கும், எதை விட்டுவிடும் என்பதற்குக் கொழும்பு வெள்ளவத்தையிலேயே கசப்பான உதாரணம் இருக்கிறது. சிலி நாட்டின் கொன்சலாக 1929இல் வந்து வெள்ளவத்தைக் கடற்கரையில் குடியிருந்த பாப்லோ நெரூடா, கீற்றின் ஓவியங்களை வியந்து எழுதினார். நம் கலை வரலாற்று நூல்கள் அதைப் பெருமையோடு எடுத்தாள்கின்றன. அதே வீட்டுக்கு மலவாளி எடுக்க வந்த தமிழ்ப் பெண்ணைத் தான் வன்புணர்ந்ததை நெரூடாவே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் பல பத்தாண்டுகளாக எவரையும் உறுத்தவில்லை. கறுவாத்தோட்டத்துக்கு வந்துபோனவர்கள் பெயரோடு நிலைக்கிறார்கள், உழைப்பால் அந்த நகரத்தை இயங்கவைத்தவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. படவரைஞரின் நிலை அந்தப் பெண்ணின் நிலையோடு ஒப்பிடத்தக்கதல்ல, அவருக்குச் சம்பளமும் மரியாதையும் இருந்தன. ஆனாலும் ஓவியர் கிளாசனைப் பேசும்போது அவருடைய உத்தியோகத்தை ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிடுவது அதே பழக்கத்தின் மென்மையான வடிவம்.

இன்னொன்றையும் கேட்கலாம். அரச திணைக்களங்களில் படவரைஞர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். பறங்கியரோடு யாழ்ப்பாணத் தமிழரும் அந்த மேசைகளில் இருந்தார்கள், அவர்களிற் பலருக்கு வெள்ளவத்தையே வீடு. எல்லோரும் அரூப ஓவியர் ஆகவில்லையே? ஆகவில்லைதான். மேசை கையைத் தயார்செய்யும், துணிவைத் தராது. மேலும், கந்தோர்த் தமிழரின் வீட்டில் ஓவியம் பிள்ளைகளின் பாடமாக இருந்ததே தவிர, பெரியவர்களின் வாழ்வாக எண்ணப்படவில்லை. தமிழரிடையே நவீன ஓவியம் வந்த பாதை வேறு. ஓவியத்துக்கான தலைமைப் பரிசோதகராக இருந்த சி.எஃப். வின்சரும், அவருக்குப்பின் '43 குழுவைச் சேர்ந்த ஜெஃப்ரி பீலிங்கும் பாடசாலைகள் வழியாகத் திறந்த பாதை அது. யாழ்ப்பாணத்தில் எஸ்.ஆர். கனகசபை தொடங்கிய ஓவியக் கழகம் வின்சரின் பெயரையே தாங்கியது. அந்த வழியில் அடுத்த தலைமுறையாக வந்த அ. மாற்கு, கிடைத்த பொருளிலெல்லாம் வரைந்தவர். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அவருடைய படைப்புகள் பல அழிந்துபோயின. பரிசோதகரும் ஆசிரியரும் வரைபட மேசையும் வெவ்வேறு வாசல்கள். ஆனால் மூன்றும் உத்தியோக வாசல்கள், எதுவும் மாளிகை வாசல் அல்ல. இதைக் கவனத்தில் கொண்டால், இலங்கை நவீன ஓவியத்தைச் செல்வந்தர் சிலரின் பொழுதுபோக்காகத் தள்ளிவிடும் வாதமும், அவர்களின் தனிக்கொடையாகப் புகழும் வாதமும் ஒன்றாகவே வலுவிழக்கின்றன.

கிளாசன் நாட்டை விட்டுப் போனதையும் இந்த ஒளியில் பார்க்க வேண்டும். பறங்கியரின் புலப்பெயர்வை 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தோடு இணைத்துப் பேசுவது வழக்கம். பெரும்பாலானவர்களுக்கு அது பொருந்தும். கிளாசன் போனது அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், சுதந்திரத்துக்கும் முன்னர். மொழிச் சட்டம் தள்ளியதால் அவர் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம். அவருடைய வாழ்வின் பிற்பகுதி வெளிநாட்டில் கழிந்ததால், அவருடைய தாள்கள் இன்று கொழும்பைவிட வெளியூர் ஏல விற்பனைகளிலேயே அதிகம் தலைகாட்டுகின்றன. ஏலப் பட்டியலில் 'தலைப்பற்றது, தாளில் எண்ணெய் வண்ணம்' என்ற வரியோடு அளவும் கையொப்பமும் இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இராது.

அந்த வரி போதாது. தாள் எந்த வகை, வரைபடத்துக்குரிய தடித்த கார்ட்ரிட்ஜ் தாளா, நீர்க்குறி உண்டா, வச்சிரம் பூசப்பட்டதா, பின்பக்கத்தில் பென்சில் கோடோ அளவுக் குறிப்போ இருக்கிறதா, வண்ணத்தின் கீழே அளவுகோல் வைத்து இழுத்த கோடு தெரிகிறதா? சப்புமல் அறக்கட்டளையில் உள்ளவற்றையும் தனியார் கையில் உள்ளவற்றையும் இந்தக் கேள்விகளோடு ஒரே பட்டியலில் கொண்டுவரலாம். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை, தாள் காப்பில் பயிற்சியுள்ள ஒருவரும் ஒரு பூதக்கண்ணாடியும் சில மாத உழைப்பும் போதும். துறைமுக வேலைக்கான வரைபடங்களில் எஞ்சியவை எவையேனும் துறைமுக அதிகார சபையிடமோ தேசிய சுவடிகள் திணைக்களத்திடமோ இருந்தால், அவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கிளாசனின் அரூபம் படவரைஞர் மேசையில் வேர்விட்டது என்ற என் வாதம் பிழையென்றால், அதை முதலில் காட்டிக்கொடுக்கப் போவதும் அந்தப் பட்டியல்தான்.