கப்பல் கரைசேர்ந்தால்தான் கூலி

'கம்பெனிக் கப்பல்' என்று சொல்கிறோமே தவிர, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய பெருங்கப்பல்களில் பெரும்பாலானவை லண்டன் முதலாளிகள் கட்டி வாடகைக்கு விட்டவை. 'ஏர்ல் ஆஃப் அபர்கவென்னி'யும் அந்த வகைதான். 1796-ல் தேம்ஸ் கரையில் கட்டப்பட்டது. கொள்ளளவு 1,400 டன்னுக்கும் மேல். 1804-ல் மலாக்கா நீரிணைக்கு அருகே பிரெஞ்சுப் போர்க்கப்பல்களை விரட்டியடித்த வணிகக் கப்பல் கூட்டத்தில் இதுவும் இருந்தது. இதன் கேப்டன் ஜான் வேர்ட்ஸ்வொர்த், ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி.

கேப்டனுக்கு மாதச் சம்பளம் வெறும் 10 பவுண்டு. ஆனால் தன் சொந்தச் சரக்கை ஏற்றிக்கொள்ள அவருக்கு இடம் உண்டு. அதில்தான் உண்மையான வருமானம். ஜான் தன் அண்ணன், அக்காள் பணத்தையும் திரட்டிச் சரக்கில் போட்டிருந்தார்.

கீழ்த்தளத்து மாலுமிக்கோ உழைப்பு மட்டுமே முதலீடு. படுக்கை, பீரங்கிகளுக்கு நடுவே கட்டிய தொங்கு துணி. சாப்பாடு, உப்பிட்ட மாட்டிறைச்சியும் கல்லாக இறுகிய பிஸ்கட்டும். அரைமணிக்கொரு முறை மணற்குடுவையைக் கவிழ்த்து மணி அடிப்பார்கள். மணி எட்டு அடி அடித்தால் காவல் முறை மாறும். காற்று திடீரென்று வலுத்தால் முறை எதுவும் கிடையாது, தூங்குகிறவனும் எழுந்து பாய்மரம் ஏற வேண்டும். அங்கே காலுக்கு ஒரே ஒரு கயிறு. வயிற்றைக் குறுக்கு மரத்தில் அழுத்திக்கொண்டு, நனைந்து விறைத்த பாயை இரு கைகளாலும் சுருட்டிக் கட்ட வேண்டும். ஊர் திரும்பும் வழியிலும் நிம்மதி இல்லை. கடற்படைக்கு ஆள்பிடிக்கும் கும்பல் இங்கிலாந்துக் கரையருகே காத்திருக்கும்.

1805 பிப்ரவரி 5. வங்காளத்துக்கும் சீனாவுக்கும் புறப்பட்ட அபர்கவென்னி, இங்கிலாந்தின் வேமத் அருகே மணல்திட்டில் தட்டியது. மீண்டும் மிதந்தாலும் அடிப்பகுதியில் ஓட்டை. மணிக்கணக்காகத் தண்ணீர் இறைத்தார்கள். சாகப்போகிறோம் என்று தெரிந்த மாலுமிகள் சாராயம் கேட்டார்கள். சாராய அறை வாசலில் கைத்துப்பாக்கியோடு காவல் நின்றது! இரவு 11 மணியளவில் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 400 பேரில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், கேப்டன் உட்பட. நீருக்கு மேலே நின்ற பாய்மரங்களில் தொங்கியவர்கள் பிழைத்தார்கள்.

கடலடியில் கிடந்த 62 பெட்டி வெள்ளி நாணயங்களைப் பின்னர் ஒரு மூழ்காளி வெளியே எடுத்துவிட்டார். மாலுமியின் கூலிக்கு அப்படி ஒரு மீட்பு இல்லை. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, கப்பல் சரக்கு வாடகை ஈட்டினால்தான் மாலுமிக்குக் கூலி. வழியில் மூழ்கினால், உயிரைப் பணயம் வைத்து இறைத்தவனும் அதைக் கேட்க முடியாது. வாடகையையும் கூலியையும் ஒன்றாகப் பிணைத்த அந்த விதி 1854-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தால்தான் நீங்கியது.