புல்வெளியை விழுங்கிய சீகை

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலையேறியபோது, மேல்மலையின் பெரும்பகுதியில் மரமே இல்லை. சரிவுகளெங்கும் புல். நீர் கசிந்தோடும் பள்ளங்களில் மட்டும் குட்டை மரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அந்தப் பள்ளத்துக் காடுதான் சோலை.

சோலைக்குள் நுழைந்தால் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். நாவல் இனங்களும் மலைச் செண்பகமும் கிளைகளைக் கோணல்மாணலாக முறுக்கிக்கொண்டு நிற்கும். பட்டை முழுக்கப் பாசி, பாசியில் பெரணியும் ஆர்க்கிடும். தளிர்விடும் பருவத்தில் மரங்களின் உச்சி செம்பு நிறமாகிவிடும். கருமந்திக்கும் நீலகிரி சிரிப்பான் குருவிக்கும் இதுதான் வீடு. கீழே மட்கிய சருகு, மழை நீரை வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைக்கு விடுகிறது.

அப்படியானால் சரிவில் ஏன் மரமில்லை? குளிர்காலத்தில் திறந்த வெளியில் உறைபனி விழும். சோலை மரத்தின் கன்று அதில் கருகிவிடும், புல் பிழைத்துக்கொள்ளும். இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் எருமை மேய்ச்சலுக்காகக் காட்டைக் கொளுத்தியதால்தான் புல்வெளி உண்டானது என்றொரு பேச்சு நெடுநாள் இருந்தது. ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் சதுப்பில் படிந்த பழைய மட்கைச் சோதித்து 1993-ல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் செழித்திருந்ததைக் காட்டியது. தோடர்கள் மீது சுமத்தப்பட்ட பழி அநியாயமானது.

முதலில் அடி விழுந்தது சோலைக்குத்தான். உதகையில் பங்களாக்கள் பெருகின. குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் படைமுகாம் வந்தது. அடுப்புக்கும் கணப்புக்கும் விறகு வேண்டும், நிலக்கரி கிடையாது. ஊரைச் சுற்றியிருந்த சோலைகள் மளமளவென்று கரைந்தன. அதற்கு மாற்றாகத்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து மரங்களைக் கொண்டுவந்தார்கள். 1830களில் வாட்டில் எனப்படும் சீகை இனம் ஒன்று, 1840களில் மலைக்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ். 1860களில் அரசே தோட்டம் போட்டது. விறகுக்குக் கற்பூர மரம் இருந்தால் சோலை தப்பும் என்பது கணக்கு. நோக்கம் நல்லதுதான். ஆனால் புதிய மரத்தை எங்கே நடுவது? வெறுமையாகத் தெரிந்த புல்வெளியில்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வேலை பல மடங்கு வேகம் பிடித்தது. தோல் பதனிடும் தொழிலுக்கு டானின் தேவைப்பட்டது. கருஞ்சீகையின் பட்டையில் அது நிறைய உண்டு. 1960களில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் தேவைப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களின் பணத்தில் நீலகிரி, பழனி மலைகளின் மேட்டுச் சரிவுகள் வரிசை வரிசையாகச் சீகையால் நிரம்பின. மரம் நட்டால் காடு வளர்கிறது என்றுதான் கோப்புகளும் கணக்கிட்டன. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது.

வரையாடு புல் மேயும், பாறை முகட்டில் படுக்கும். சீகைக் காட்டுக்குள் அதற்கு வேலையில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கான அதற்கு முக்குருத்தி போன்ற ஒதுங்கிய இடங்களே மிஞ்சின. முக்குருத்தி 1982-ல் சரணாலயமாகி 1990-ல் தேசியப் பூங்காவானது. 2022-ல் தமிழக அரசு வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது.

தோடர்களின் இழப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்களுடைய கோயில்களுக்குக் கூரை வேய, அவ்ஃபுல் என்று அவர்கள் சொல்லும் சதுப்பு நிலப் புல் வேண்டும். கத்தை கத்தையாக அறுத்து, மூங்கில் சட்டத்தின் மேல் அடுக்கடுக்காக வைத்துப் பிரம்பால் இறுக்கிக் கட்டுவார்கள். கூரை பழுதானால் புதிய புல்லால் மறுபடி வேய வேண்டும். சதுப்புகள் வடிந்து தோட்டமாகவும் சீகைக் காடாகவும் மாறிய பின், அந்தப் புல்லைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

சீகையை வெட்டிவிட்டால் தீராதா? தீராது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டி வெயில் பட்டாலோ தீ பரவினாலோ ஒரே நேரத்தில் முளைத்துத் தரையை மூடிவிடும். கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை நடத்திய ராபர்ட் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்காரும் இன்னொன்றைக் கவனித்தார்கள்: பழைய சீகைத் தோப்புகளின் நிழலில், உறைபனிக்குத் தப்பிய சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்துகொண்டிருந்தன. அங்கே கோடரியோடு போனால் சீகையோடு சோலையும் சாகும். புல் இன்னும் மிச்சமிருக்கிற ஓரங்களில் மட்டும் இளஞ்சீகையை உடனே பிடுங்கியாக வேண்டும்.

அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழக அரசிடம் இப்போது ஒரு கொள்கை இருக்கிறது. மரத்தை வெட்டி லாரியில் ஏற்றும் வேலைக்கு ஆள் கிடைப்பார்கள்; மரத்துக்கு விலையும் உண்டு. அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கவும், உள்ளூர்ப் புல்லை நாற்றங்காலில் வளர்த்து நடவும், அதே சரிவுக்கு ஆண்டுதோறும் ஆட்களை அனுப்பவும் தனியாக நிதி ஒதுக்க வேண்டும். அந்த நிதி ஓராண்டு நின்றாலும் சீகை திரும்பிவிடும்.